பெற்றோர் கையெழுத்து

ஜூலை 6, ஞாயிறு

இன்றிலிருந்து தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று எனக்கு உத்தரவு. போட்டது இசக்கி. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வயசு பதினாலு, பேச்சுக்கு மட்டும் ஐம்பத்தைந்து.

"பரிட்சையில ரெண்டரை மணி நேரம் விடாம எழுதணும். உங்க கை ஒரு வரிக்கே நொண்டுது. டெய்லி எழுதினாத்தான் ஓடும்."

"நொண்டுறது கை இல்லட்டி, பேனா" என்றேன். வேறு பேனா கொடுத்தாள். அதுவும் நொண்டியது.

நான் எழுதியதை அவள் படிக்க மாட்டாளாம். அடுத்தவர் நாட்குறிப்பைப் படிப்பது தப்பாம். பக்கம் நிறைந்திருக்கிறதா என்று தூரத்திலிருந்து பார்ப்பாளாம். நல்லது. அப்போ நான் பாட்டுக்கு என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

விஷயம் இதுதான். எங்கள் இல்லத்தில் ஆறு வீடுகள். அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள், இருந்தும் இல்லாத பிள்ளைகள், வீட்டுக்கு எட்டுப் பேர். அவர்களுக்கு ஒரு அம்மா. பெரிய கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து மணியடித்துச் சோறு போடுகிற விடுதி இல்லை இது. தனி அடுப்பு, தனிக் குழம்பு, தனிச் சண்டை. இசக்கி இருக்கிற முல்லை வீட்டுக்கு அம்மா நான், முப்புடாதி. வந்து பத்து வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினேன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் மழை.

நேற்று நிர்வாகி செல்லத்துரை சார் கூப்பிட்டார். தலைமை அலுவலகத்தில் புது விதி போட்டிருக்கிறார்களாம். எட்டாம் வகுப்பாவது தேறாதவர் இல்லத் தாயாக இருக்கக் கூடாது. தீபாவளி வரைக்கும் தவணை. செப்டம்பரில் தனித்தேர்வு வருகிறது. அதில் தேறினால் முல்லை வீடு என்னிடம் இருக்கும். தேறாவிட்டால் என்னைப் பொதுச் சமையலறைக்கு மாற்றிவிட்டு, வீட்டுக்கு வேறு அம்மா போடுவார்கள்.

"சம்பளம் கொறையாது முப்புடாதியம்மா" என்று மறுபடி மறுபடி சொன்னார். பாவம், அவர் முகத்தைப் பார்த்து எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

"விடுங்க சார். எட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுறதுக்கு எட்டுக் குண்டானைக் கழுவிட்டுப் போறேன். குண்டான் எதிர்த்துப் பேசாது."

நிஜமாகவே நல்லதுதான். காலையில் ஆறு மணி வரைக்கும் தூங்கலாம்.

பக்கம் நிறைந்துவிட்டது.

ஜூலை 9, புதன்

பள்ளிக்கூடம் அடுக்களையில்தான் நடக்கிறது. நான் சப்பாத்தி தேய்க்கிறேன், இசக்கி தன் பழைய எட்டாம் வகுப்புப் புத்தகத்தை மாவு டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக் கேள்வி கேட்கிறாள். தப்பாகச் சொன்னால் பூரிக்கட்டையால் மேடையில் ஒரு தட்டு. இன்று மேடைதான் பாவம்.

"இலை எப்படி சாப்பாடு தயாரிக்குது?"

"வெயில்ல காய்ஞ்சு."

"அது அப்பளம்."

கிருபா சிரித்துச் சிரித்துத் தண்ணீர்க் குடத்தின் மேல் விழுந்தான். கிருபாகரனுக்குப் பதினோரு வயசு, எங்கள் வீட்டு வானொலி. எதைக் கேட்டாலும் ஆறு வீட்டுக்கும் ஒலிபரப்பிவிடுவான். ராத்திரிக்குள் இல்லம் முழுக்க "வெயில்ல காய்ஞ்சு" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

ஒன்றை மட்டும் நான் தட்டு வாங்காமல் எழுதினேன். விடுப்பு விண்ணப்பம். பத்து வருஷமாகப் பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. அனுப்புநர், பெறுநர், ஐயா, என் மகன் இன்னாருக்குக் காய்ச்சல் காரணமாக, கடைசியில் இப்படிக்கு, என் கையெழுத்து. ரயில் மாதிரி போகும்.

"இது மட்டும் நல்லா வருது" என்றாள் இசக்கி. "ஆனா பரிட்சையில உங்க பேரு, ஊரு, எவன் பேரும் வரக் கூடாது. பேரு வர வேண்டிய இடத்துல அ.ஆ.இ.னு போடணும். இல்லன்னா பேப்பர் செல்லாது."

"அ.ஆ.இ.யா? அது யாருட்டி, வடக்கத்தி ஆளா?"

பூரிக்கட்டை மறுபடி தட்டியது.

ஜூலை 20, ஞாயிறு

மாதிரிப் பரிட்சை. இங்கிலீஷ். நூற்றுக்குப் பதினொன்று. அந்தப் பதினொன்றும் கட்டம் போட்ட இடத்தில் குருட்டாம்போக்கில் விழுந்தது.

பரிட்சைத் தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்றாள் இசக்கி. பள்ளிக்கூடத்தில் அப்படித்தானாம். எனக்கு யார் பெற்றோர்? தங்கப்பொண்ணு, ஆறு வயசு, முன்பல் இரண்டும் இல்லை, ஓடி வந்து "நான் தான் அம்மா" என்று இடுப்பில் கைவைத்தாள். "ஏன்டி பதினொண்ணு? படிக்காம என்ன பண்ணுன? டிவி பாத்தியா?" அவளுக்கு எழுதத் தெரியாது, ஒரு பூ வரைந்து கொடுத்தாள். நான் அதை மடித்து மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

இசக்கியையும் ஒரு கையெழுத்துக் கேட்டேன். "நான் டீச்சர், பெற்றோர் இல்ல" என்று போய்விட்டாள்.

இசக்கியைப் பற்றி ஒன்று எழுத விட்டுப்போயிற்று. அவள் என்னை அம்மா என்று கூப்பிட மாட்டாள். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. "இந்தாங்க", "கேக்குதா", அவ்வளவுதான். இங்கே வருவதற்கு முன் இரண்டு இல்லங்களில் இருந்தாள். அங்கே அம்மாக்கள் மாறி மாறி வந்தார்களாம். ஒவ்வொருத்தியையும் அம்மா என்று கூப்பிட்டுப் பழகி, அந்த அம்மா மூட்டையைக் கட்டிக்கொண்டு போனதும் அடுத்தவள். இது சார் சொன்னது, அவள் சொன்னதில்லை. அதனால் ராங்க் கார்டு, விடுப்பு விண்ணப்பம் எல்லாவற்றையும் நேரே ஆபீசுக்குக் கொண்டுபோய்ச் சாரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வாள்.

எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மற்ற ஏழு பேருக்குப் போடவே என் கைக்குத் தெம்பில்லை. கூப்பிடாமலே வந்து நிற்கிற என்னைக் கூப்பிட ஒரு பெயர் எதற்கு?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பயிற்சிக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். ரெபேக்கா, நாசரேத்துக்காரி, பி.ஏ. படித்தவள். இரண்டு மாதம் என்னோடு இருந்து வேலை பழகுவாளாம். பிள்ளைகளுக்கு "சித்தி". எதற்குப் பழக்குகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் மூன்றாம் வகுப்புத்தான், முட்டாள் இல்லை.

வந்ததும் "அக்கா, நான் என்ன செய்யட்டும்?" என்றாள். தேங்காய் உடைக்கச் சொன்னேன். அரிவாளைப் பார்த்துத் தேங்காயைப் பார்த்து என்னைப் பார்த்தாள்.

"பி.ஏ.ல தேங்காய் இல்லையா தாயி?"

"அது எம்.ஏ.ல வரும்க்கா."

இவளைப் பிடித்துப்போயிற்று. பிடிக்காமல் இருந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இசக்கிக்குக் காய்ச்சல். அவளாகச் சொல்ல மாட்டாள். "பசிக்கல" என்றால் காய்ச்சல் என்று அர்த்தம். ரசம் சோறு பிசைந்து கொடுத்தேன், நெற்றியில் ஈரத்துணி. காய்ச்சலிலும் வாய் ஓயவில்லை. "பெருக்கல் வாய்ப்பாடு பதிமூணு சொல்லுங்க." பதிமூணஞ்சு அறுபத்தஞ்சில் அவள் தூங்கிப்போனாள். மீதியை நான் தனியாகச் சொல்லிமுடித்தேன், ஏமாற்றக் கூடாது என்று.

பள்ளிக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதி, மடித்து, அவள் பையின் மேல் வைத்தேன். நல்ல கையெழுத்து, ஒரு அடித்தல் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

காய்ச்சல் விட்டது. நேற்று அவள் ஆபீசுக்குப் போய்ச் சாரிடமே விண்ணப்பம் எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டாளாம். நான் எழுதியது பையின் மேலேயே இருந்தது. வீணாகவில்லை, பின்பக்கம் வெள்ளை. மளிகைக்கு எழுதிக்கொண்டேன். துவரம்பருப்பு, சீரகம், பெருங்காயக்கட்டி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ரெபேக்காவுக்கு வீட்டைச் சொல்லிக்கொடுத்தேன். கிருபா பல் தேய்த்தேன் என்று சொன்னால் பிரஷ்ஷைத் தொட்டுப் பார், ஈரம் இருக்கும், தண்ணீரில் நனைத்திருப்பான், வாயை முகர்ந்து பார். தங்கப்பொண்ணு இருட்டில் தனியாகக் கக்கூசுக்குப் போகமாட்டாள், வாசலில் நின்று ஏதாவது பாடு, ராகம் கெட்டிருந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பில் தலை யாருக்கு என்று சண்டை வரும், தலையை நீயே தின்றுவிடு.

"இசக்கிக்குக்கா?" என்றாள்.

அவளுக்கு ஒன்றும் வேண்டாம், எல்லாம் தானே செய்துகொள்வாள் என்றேன். பிறகு திரும்பி வந்து, பசிக்கல என்றால் நெற்றியைத் தொட்டுப் பார் என்று சொன்னேன். அப்புறம் இன்னொரு தடவை திரும்பி வந்து, கேட்டுவிட்டுத் தொடாதே, ஏதோ எடுக்கப் போகிற மாதிரி போய்த் தொடு என்றேன்.

ரெபேக்கா சிரித்தாள். "எழுதிக்கிடவா?" என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் எனக்குக் கண் எரிந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

மாதிரிப் பரிட்சை இங்கிலீஷ் முப்பத்திரண்டு! தேற முப்பத்தைந்து வேண்டும். மூன்று மார்க்கைக் கடனாகக் கொடு என்று கேட்டேன், டீச்சர் மாட்டேனென்றுவிட்டாள்.

இவளுக்கும் காலாண்டுப் பரிட்சை வருகிறது. "நீ எப்பட்டி படிக்கப் போற?" என்றால் "எனக்குத் தெரியும்" என்கிறாள். அவள் கணக்குப் புத்தகத்துக்கு நடுவில் என் இங்கிலீஷ் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறாள்.

ரெபேக்காவோடு அவள் பேசுவதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறாள், தட்டைத் தானே கழுவுகிறாள், ஒரு வார்த்தை கிடையாது. "சித்தி என்ன பாவம் பண்ணுனா?" என்றேன். "ஒண்ணும் பண்ணல. இனிமேத்தான் பண்ணுவாக" என்றாள்.

செப்டம்பர் 8, திங்கள்

முதல் பரிட்சை, தமிழ். கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடம். பெஞ்சு பிள்ளைகளுக்குச் செய்தது, என் உடம்பு உள்ளே போனது, வெளியே வர யோசித்தது. பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், மீசை நரைத்தவர். "எதுக்குக்கா எழுதுதீக?" என்றார். "எட்டுப் பிள்ளைகளுக்காக" என்றேன். "யம்மாடி, இந்தக் காலத்துல எட்டா!" என்று என்னைக் கும்பிட்டார்.

நன்றாக எழுதினேன். விடுப்பு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள்! பத்து மார்க்! பேனா பறந்தது. பேருந்தில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன்.

வாசலிலேயே இசக்கி கேள்வித்தாளைப் பிடுங்கினாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள். விண்ணப்பத்துக்கு வந்ததும் "அ.ஆ.இ. போட்டீங்கல்ல?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"போடலையா? உங்க பேரைப் போட்டீங்களா?"

"கை தானாப் போட்டுருச்சுட்டி. பத்து வருசப் பழக்கம். முப்புடாதி, முல்லை வீடுன்னு போட்டு, கீழ கோடு கூட இழுத்துட்டேன்."

"இல்லத்து அட்ரசுமா?"

"அது இல்லாம லெட்டர் எப்படிப் போகும்?"

"யாருக்குக் காய்ச்சல்னு எழுதுனீங்க? பிள்ள பேரு?"

கிருபாவுக்கு என்று சொல்லிவைத்தேன். கிருபா உடனே "என் பேரு பரிட்சை பேப்பர்ல!" என்று அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டான்.

இசக்கி கேள்வித்தாளை நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள். அதற்கு மேல் மடிய மறுத்தது. "எத்தனை தடவை சொன்னேன்" என்றாள், அவ்வளவுதான். பின்பக்கம் போய்க் குழாயடியில் நின்றுகொண்டாள். பாத்திரம் எல்லாம் கழுவியாகிவிட்டது, ஆனாலும் தண்ணீர் சத்தம் வெகுநேரம் கேட்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலை ஐந்துக்கு அவளே வந்து எழுப்பினாள். முகம் வீங்கியிருந்தது. "இங்கிலீஷ். எந்திரிங்க."

எழுதினேன். சொல்வதற்கு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

எல்லாப் பரிட்சையும் முடிந்தது. கணக்கு லட்டு மாதிரி இருந்தது. லாரி டிரைவர் கைகுலுக்கிவிட்டுப் போனார். பெஞ்சிலிருந்து என்னை அவர்தான் இழுத்து எடுத்தார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இசக்கி தன் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியாரிடம் கேட்டுவிட்டு வந்தாளாம். பெயரும் ஊரும் எழுதினால் அது அடையாளம் காட்டுகிற மாதிரியாம். பேப்பர் திருத்துகிறவர் கண்டிப்பானவராக இருந்தால் முழுப் பேப்பரும் செல்லாமல் போகலாம். இரக்கப்பட்டவராக இருந்தால் அந்தப் பதிலுக்கு மட்டும் சைபர் போட்டுவிட்டு மேலே போவார்.

"இரக்கப்பட்டவரா இருப்பாரு" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங் கையெழுத்தைப் படிச்சு முடிக்கிறவனுக்கு இரக்கம் இல்லாம முடியுமா?"

அவள் சிரிக்கவில்லை. நான் இரண்டாம் தடவை சொல்லிப் பார்த்தேன், நான்கூடச் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 27, சனி

காலாண்டுப் பரிட்சை முடிந்து பிள்ளைகளுக்கு விடுமுறை. வீடு சந்தைக்கடை. இன்று தோசைக்கு மட்டும் மாவு இரண்டு வாளி.

கொஞ்சம் நேரம் கிடைத்தது, என் அலமாரியை ஒதுங்கவைத்தேன். எப்போது வேண்டுமானாலும் காலி செய்கிற மாதிரி இருந்தால் வேலை எளிது. சேலை ஆறு, சாமி படம் ஒன்று, தங்கப்பொண்ணு வரைந்த பூ ஒன்று. பத்து வருஷத்துக்கு இவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியம். மற்றதெல்லாம் வீட்டுச் சாமான்.

திரும்பினால் வாசலில் இசக்கி.

"கிளம்பிட்டீங்களா?"

"தூசி தட்டுதேன்ட்டி."

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாக. முதல்ல தூசி தட்டுவாக. பொறவு சித்தி வருவாக. பொறவு ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்தா அலமாரி காலியா இருக்கும்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நான் உங்களுக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தேன்! ஒரே ஒரு இடத்துல அ.ஆ.இ. போட முடியாதா? வேணும்னே போட்டீங்களா?"

"வேணும்னு யாராச்சும்…"

"அப்ப எப்படி வந்துச்சு? எழுதின மாதிரியே சொல்லுங்க, முதல்லருந்து. எவ்வளவு எழுதியிருக்கீங்கன்னு பாக்கேன்."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. அவள் கேட்ட வேகத்தில் நானும் ஒப்பித்தேன். "அனுப்புநர், வெ.முப்புடாதி, முல்லை வீடு. பெறுநர், வகுப்பாசிரியர் அவர்கள். ஐயா, என் மகள் இசக்கியம்மாளுக்குக் காய்ச்சல் காரணமாக…"

அங்கே நின்றுபோனேன். ரயில் நின்ற மாதிரி.

அடுக்களையில் குக்கர் விசிலடித்தது. ரெபேக்கா போய் அணைத்தாள். கிருபா வாயைத் திறந்தான், ரெபேக்கா அவன் வாயைப் பொத்தி வெளியே இழுத்துக்கொண்டு போனாள். நல்ல பெண்.

"கிருபான்னு சொன்னீங்க" என்றாள் இசக்கி.

"ம்."

"எனக்கு எங்க காய்ச்சல் வந்துச்சு?"

"வந்துச்சே. ஆகஸ்ட்ல. பதிமூணாம் வாய்ப்பாடு கேட்டியே. லெட்டர் எழுதி வச்சேன், நீ எடுக்கல. மத்த ஏழு பேருக்கும் நூறு லெட்டர் எழுதிட்டேன். உனக்குத்தான் ஒண்ணு பாக்கி கெடந்துச்சு, அதான் பேனா…" என்னமோ உளறினேன். "துவரம்பருப்பு எழுதிட்டேன் அதுல. சரி விடு."

அவள் என்னைத் தாண்டிப் போனாள். அலமாரியைத் திறந்தாள். நான் அடுக்கிவைத்திருந்த சேலைகளை எடுத்து, ஒவ்வொன்றாக உதறி, பழைய இடத்தில் பழையபடி கசங்கலாகத் திணித்தாள். கதவைச் சாத்தினாள். போய்விட்டாள்.

அவளுக்கு மடிக்கத் தெரியும். வேண்டுமென்றே செய்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

மழை. துணி காயவில்லை. எட்டுச் சீருடையும் விசிறிக்குக் கீழே தொங்குகிறது, வீட்டுக்குள் பதினாறு பேர் இருக்கிற மாதிரி.

அக்டோபர் 10, வெள்ளி

தீபாவளித் துணி வந்தது. எனக்கு எடுத்த சேலையைப் பிரிக்கவில்லை. எந்த வீட்டில் கட்டுவேனோ.

பிள்ளைகளைச் சிரிக்கவைக்க நாள் முழுக்க என்னென்னவோ பேசினேன். ராத்திரிச் சோற்றுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். ஒருத்தரும் சொல்லாமல் தின்றார்கள். அதுதான் பயமாக இருந்தது. இந்தப் பிள்ளைகள் உப்பைப் பற்றிப் பேசாமல் இருந்ததே கிடையாது.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று முடிவு.

ரெபேக்காவின் போனில் பார்க்க வேண்டும். சார் வந்தார், வாட்ச்மேன் வந்தார், பக்கத்து வீட்டு அம்மாக்கள் இரண்டு பேர் சும்மா உப்பு வாங்க வந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றவில்லை. போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "எனக்காகச் சுத்துதா, பாவம் தலைசுத்தும்" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

நான் பால் அடுப்பைப் பார்க்கப் போனேன். பொங்கிவிடக் கூடாதே.

"தமிழ்…" என்றாள் ரெபேக்கா.

 நான் பாலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தமிழ் நாப்பத்தி மூணு! அக்கா, பேப்பர் செல்லும்க்கா! கணக்கு அறுபத்தி ஒண்ணு! அறிவியல் நாப்பது, சமூகம் அம்பத்தி ரெண்டு…"

"இங்கிலீஷ்?" இது இசக்கியின் குரல்.

"முப்பத்தி அஞ்சு."

கூடத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்டது. தகரக் கூரை மேல் ஆலங்கட்டி விழுந்த மாதிரி. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. வழியட்டும். 

சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்த விண்ணப்பத்துக்கு மார்க்கு போட்டிருக்க மாட்டாங்க. அதை விட்டுட்டுத் திருத்தியிருக்காங்க. யாரோ நல்ல மனுசன்" என்றார். அந்த மனுசனோ மனுசியோ, குடும்பத்தோடு நூறு வயசு இருக்கட்டும். என் கையெழுத்தைப் படித்த கண்ணுக்கு ஒரு நோயும் வரக் கூடாது.

ரெபேக்காவுக்குச் செவ்வந்தி வீடு. அங்கே இருக்கிற அம்மா வயசாகி ஓய்வு பெறுகிறாள். "நாலு எட்டு வச்சா இங்கதானேக்கா, தேங்காய் உடைக்க வருவேன்" என்றாள். இசக்கி அவள் பக்கம் ஒரு லட்டுத் தட்டை நகர்த்தி, "எடுத்துக்கிடுங்க சித்தி" என்றாள். ரெபேக்காவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. ரெபேக்கா இரண்டு லட்டு எடுத்துக்கொண்டாள்.

என்னிடம் இசக்கி வந்து சொன்னது இவ்வளவுதான். "முப்பத்தஞ்சு. ஒரு மார்க்கு கொறைஞ்சிருந்தா?"

"கொறையலையே."

"கொறைஞ்சிருந்தா?"

"உன் காதைத் திருகியிருப்பேன். நீதான டீச்சரு."

வெளியே போய் நின்று வெகுநேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மழைக் காற்று. ஜலதோஷம் பிடித்திருக்கும்.

அக்டோபர் 16, வியாழன்

புதுச் சேலையைப் பிரித்துப் பார்த்தேன். மாம்பழக் கலர். தீபாவளிக்குள் ஜாக்கெட் தைக்க எந்த டெய்லர் ஒத்துக்கொள்வான்?

சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பள்ளியில் காலாண்டு ராங்க் கார்டு கொடுத்திருக்கிறார்கள். கிருபா தன்னுடையதை என் முதுகுக்குப் பின்னாலிருந்து நீட்டி, மார்க்கைக் கட்டைவிரலால் மறைத்து, "சீக்கிரம் போடுங்கம்மா, டீச்சர் காத்துட்டு இருக்காக" என்றான். டீச்சர் காலையில்தான் வருவாள். விரலை எடுக்கச் சொன்னேன். முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் போட்டேன். அவனோடு சேர்த்து ஒவ்வொருவராக ஆறு பேர் வந்தார்கள். தங்கப்பொண்ணுக்கு ராங்க் கார்டு கிடையாது, அவளும் ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து போடச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

கையைக் கழுவப் போனபோது, "இந்தாங்க" என்றது.

இசக்கி. அட்டையை மேடை மேல் வைத்தாள், மாவு டப்பாவில் சாய்த்து. முன்பு என் புத்தகத்தைச் சாய்த்த அதே இடம்.

"சார் ஆபீஸ்ல இல்லையா?" என்றேன்.

"இருக்காரு."

அட்டையைப் பார்த்தேன். எப்போதும் தொண்ணூறுக்கு மேலே எடுப்பாள் என்று சார் சொல்வார். இதில் கணக்குக்கு நேரே ஐம்பத்தெட்டு. அந்த மீதி மார்க்கெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். கணக்குப் புத்தகத்துக்கு நடுவில் என் இங்கிலீஷாகப் போயிற்று.

பேனாவை எடுத்தேன். அவள் அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"திட்டலையா?"

"எதுக்கு?"

"கிருபாவத் திட்டுனீங்க. எல்லாத்தையும் திட்டிட்டுத்தான போடுதீங்க." முகம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. "என்னையும் திட்டிட்டுப் போடுங்க."

  இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, கையை ஓங்கி, என்னால் முடிந்த சத்தத்தில் ஆரம்பித்தேன்.

"ஏட்டி! கணக்குல அம்பத்தெட்டா? வெக்கமா இல்ல? எனக்கு அறுபத்தி ஒண்ணு! மூணாங் கிளாஸ் படிச்ச கழுதை நானே உன்னைவிட மூணு மார்க்கு கூட! இதுல இவ எனக்கு டீச்சராம்! நாளையிலருந்து அஞ்சு மணிக்கு எந்திரி, அடுக்களைக்கு வா, நான் உனக்குக் கணக்குச் சொல்லித்தாரேன். பூரிக்கட்டை எங்கட்டி? எடுத்துட்டு வா அதை!"

பிள்ளைகள் எல்லாரும் ஓடிவந்து வாசலில் நின்றார்கள். இசக்கியை நான் திட்டி அவர்கள் பார்த்ததில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறாள். சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வர வர, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். இவளுக்குத் தெற்றுப்பல் இருப்பது எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியாது.

"போதுமா?" என்றேன்.

"ம்." கையை எடுத்தாள். "முழுசாப் போடுங்க. அந்தப் பேப்பர்ல போட்டீங்கல்ல, அதே மாதிரி. கீழ கோடும்."

பெற்றோர் கையெழுத்து என்று அச்சடித்திருந்த இடத்தில் போட்டேன். வெ.முப்புடாதி. கீழே கோடு.

பேனா நொண்டவில்லை.